முந்தின நாளைக் கேட்ட அதிகாரி

மேடையில் அமர்ந்திருக்கும் ஓய்வு பெற்ற நீதிபதி ஐயா அவர்களே, வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, கல்லூரியிலிருந்து மாணவர்களை அழைத்து வந்திருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் டீச்சரம்மா அவர்களே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடிப்பதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்ட குமாஸ்தாக்களே, பின்னால் கதவோரம் உட்கார்ந்திருக்கும் எங்கள் தெருக்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பேசுவதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கடையில் நீங்கள் காப்பி எடுக்கக் கொடுக்கும் தாள்களை நான் படிப்பேன். பதினெட்டு வருடமாகப் படிக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பதால் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதற்கு நேரம் பிடிக்கும். சில வழக்கறிஞர்களிடம் "மெஷின் மக்கர் பண்ணுது சார், அரை மணி கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. உங்கள் வாக்கியம்தான் நீளம்.

இந்தக் கெட்ட பழக்கத்தால்தான் நான் இன்று இந்த ஒலிபெருக்கி முன்னால் நிற்கிறேன். டீச்சரம்மாவின் கணவரும் நம்மை விட்டுப் பிரிந்த நன்னடத்தை அலுவலருமான ஐயாவுக்கும் எனக்கும் முதல் பேச்சே சண்டை. அந்தச் சண்டை வந்ததே அவர் தாளை நான் படித்ததால்.

என் கடை நீதிமன்றக் கட்டடத்தின் பின்பக்க மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஒரு மெஷின், ஒரு முக்காலி, தாள் அடுக்க ஒரு பலகை, அவ்வளவுதான். உள்ளே வர எல்லோரும் தலை குனிய வேண்டும். நீதிபதியானாலும் குனிய வேண்டும். பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு நாள் நன்னடத்தை அலுவலர் ஐயா அப்படிக் குனிந்து வந்து இரண்டு அறிக்கைகளை நீட்டினார். தீர்ப்பு முடிந்த வழக்கின் கோப்புக்கு ஒரு பிரதி வேண்டுமென்றார். வழக்கம்போல் படித்தேன். ஒரு அறிக்கையில் என் தம்பியின் பெயர் இருந்தது.

என் தம்பி செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அவன் ஒரு சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அங்கேயே கணக்கெழுதிய பையனும் அவனும் சேர்ந்து செம்புக் கம்பிச் சுருள் ஒன்றைத் திருடினார்கள். சுருள் பாரமானது. கணக்குப் பையன் முன்பக்கம் பிடித்தான், என் தம்பி பின்பக்கம் பிடித்தான். ஒரே வாசலில் பிடிபட்டார்கள், ஒரே ஜீப்பில் ஏறினார்கள், ஒரே நாளில் இருவருக்கும் ஜாமீன் உத்தரவு வந்தது. சொந்த வீடோ நிரந்தரச் சம்பளமோ உள்ள ஒருவர் கையெழுத்துப் போட்டால் வெளியே போகலாம் என்றார்கள்.

கணக்குப் பையனின் மாமா மதியத்துக்குள் பத்திரத்தோடு வந்தார். பையன் வீட்டுக்குப் போனான், வேறு இடத்தில் வேலைக்கும் சேர்ந்தான். எங்கள் தெருவில் நாற்பது குடும்பம். நாற்பதும் வாடகை, நாற்பதும் தினக்கூலி. பத்திரமும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. நான் நாற்பது வாசலிலும் ஏறி இறங்கினேன். எல்லோரும் என்னை உட்கார வைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், அழவும் செய்தார்கள். அழுகையில் கையெழுத்துப் போட முடியாதே. என் தம்பி ஐந்து மாதம் உள்ளே இருந்தான்.

பிறகு தீர்ப்பு. இருவரும் குற்றம் செய்தது உண்மை. ஆனால் நன்னடத்தை அலுவலர் நல்லபடியாக அறிக்கை கொடுத்தால் தண்டனை இல்லாமல் எச்சரித்து அனுப்பலாம். அந்த அறிக்கைகள்தான் என் கைக்கு வந்தவை. கணக்குப் பையனுக்கு: நிரந்தர முகவரி உண்டு, வேலை உண்டு, பொறுப்பான குடும்பம் உண்டு. என் தம்பிக்கு: வாடகை அறை காலி செய்யப்பட்டது, வேலை இல்லை, பொறுப்பேற்க ஆள் இல்லை. ஒருவனுக்கு எச்சரிக்கை, இன்னொருவனுக்கு மேலும் மூன்று மாதம்.

நான் மெஷினை நிறுத்தினேன். "சார், இவனுக்கு வேலை இல்லைன்னு எழுதியிருக்கீங்களே. அஞ்சு மாசமா உள்ள இருக்கிறவனுக்கு யார் சார் வேலை குடுப்பா? ஜெயில் வார்டனா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டித் தன் அறிக்கையையே படித்தார். பிறகு முக்காலியில் உட்கார்ந்தார். அது ஆடுகிற முக்காலி என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு நான் சொல்லவில்லை.

ஒரு அதிகாரியிடம் ஜெராக்ஸ்காரி இப்படிக் கேட்டால் என்ன நடக்கும்? உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடை காலியாகும். ஆனால் இவர் மறுநாள் நீதிபதி அறைக்குப் போய், என் அறிக்கை தவறு, அந்தப் பையன் உள்ளே இருந்ததை அவன் குறையாக எழுதிவிட்டேன் என்று சொன்னார். தீர்ப்பு சொன்னது சொன்னதுதான் என்று பதில் வந்தது. (அந்த நீதிபதி இந்த மேடையில் இல்லை. தேடாதீர்கள்.) என் தம்பி அந்த மூன்று மாதத்தையும் உள்ளேதான் கழித்தான். ஐயா அதைத் தன் மேல் வைத்துக்கொண்டார். அதற்காக என்னிடம் ஒரு முறைகூட வருத்தம் தெரிவித்ததில்லை. அதற்குப் பதிலாக வாராவாரம் சிறைக்குப் போய் அவனைப் பார்த்தார்.

அங்கேதான் அவருடைய வேலைமுறை தொடங்கியது. என் தம்பியிடம் அவர் ஏன் திருடினாய் என்று கேட்கவில்லை. அதை எல்லோரும் கேட்டாயிற்று. அவனும் "தப்புதான் சார்" என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று. இவர் கேட்டது, திருடியதற்கு முந்தின நாள் என்ன செய்தாய் என்று. எழுந்தது முதல் படுத்தது வரை, மணிக்கு மணி. அதை இரண்டு பக்கத்தில் எழுதினார். அதற்குப் பிறகு எந்தக் கைதியைப் பார்த்தாலும் அதே கேள்விதான். சிறைக்குள் அவருக்கு முந்தினநாள் சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நன்னடத்தை அலுவலர் என்று கேட்டால் வார்டனுக்கே புரியாது. முந்தினநாள் சார் என்றால் கதவு திறக்கும்.

அந்தத் தாள்கள் எல்லாம் என் மெஷின் வழியாகத்தான் போயின. எண்ணூறுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் படித்தேன். அவர் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், ஆனாலும் படித்தேன். என்ன இருந்தது அதில்? பெரிய சதித்திட்டமா இருந்தது? முந்தின நாள் ஒருவன் வேலை கேட்டு மூன்று தொழிற்சாலை வாசலுக்கு நடந்திருப்பான். மூன்றிலும் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு அனுப்பியிருப்பார்கள். ஒருத்தி தன் பிள்ளையோடு மருத்துவமனையில் நாள் முழுக்க வரிசையில் நின்றதால் கூலி போயிருக்கும். ஒருவன் எதுவுமே செய்யாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான், அதற்கு முந்தின நாளும் அப்படியே. ஒருவன் மட்டும் முந்தின நாள் நன்றாகச் சாப்பிட்டு, சினிமா பார்த்து, நிம்மதியாகத் தூங்கி, மறுநாள் போய்த் திருடியிருந்தான். "இவனை என்ன சார் பண்றது?" என்று கேட்டேன். "இவனையும் எழுதணும்மா. நமக்குத் தோதானதை மட்டும் எழுதினா அது வேலை இல்ல, பஜனை" என்றார்.

ஒரு முறை முப்பத்தொரு தாள்களைத் தனியே எடுத்து என் பலகையில் பரப்பினார். முப்பத்தொருவரும் ஒரே பகுதி. முப்பத்தொருவர் தாளிலும் ஒரு வரி பொதுவாக இருந்தது: காலை ஐந்தரை மணிப் பேருந்தை நிறுத்தியதிலிருந்து முதல் ஷிப்டுக்குப் போக முடியவில்லை. அந்தத் தாள்களைத் தூக்கிக்கொண்டு போக்குவரத்து அலுவலகத்துக்கு நடந்தார். ஒரு வருடமும் இரண்டு மாதமும் நடந்தார். பேருந்து திரும்ப வந்தது. அந்தப் பகுதியில் திருட்டுக் குறைந்துவிட்டது என்று ஒரு கூட்டத்தில் அவரைப் புகழ்ந்தார்கள். அவர் எழுந்து மறுத்தார். திருட்டுக் குறைந்தது பேருந்தாலா, புதுக் காவல் ஆய்வாளராலா என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, முப்பத்தொருவரில் இருபத்திரண்டு பேர் வேலைக்குப் போகிறார்கள் என்பதை மட்டும் சொல்லலாம் என்றார். புகழ்ந்தவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

இவ்வளவும் கேட்டு நான் உடனே மயங்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் நேராகவே கேட்டேன். "சார், வறுமைதான் காரணம்னா நானும் அதே வீட்லதானே பொறந்தேன்? அதே கஞ்சிதானே குடிச்சேன்? நான் திருடலையே." இந்தக் கேள்வியில் அவர் விழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் பதிலுக்கு, இந்த மாடிப்படிக்கு அடியில் எனக்கு எப்படி இடம் கிடைத்தது என்று கேட்டார். நான் சொன்னேன். அப்போது இங்கே இருந்த ஒரு தட்டச்சு அம்மா, இந்தப் பெண்ணுக்கு நான் பொறுப்பு என்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாவை எனக்கு முன்பின் தெரியாது. அவருக்கு மேல்மாடி வரை தண்ணீர் தூக்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஐயா சொன்னார்: "உனக்கு ஒரு கையெழுத்து கெடச்சுது. அவனுக்குக் கெடைக்கல. உன் ஒழுக்கத்தை நான் குறைச்சுச் சொல்லலம்மா. ஆனா ஒழுக்கமா இருக்கிறதுக்கு உனக்கு ஒரு இடம் இருந்துது."

அன்றைக்கு அவர் காப்பிக்கு நான் காசு வாங்கவில்லை. டீச்சரம்மா, நம்புங்கள். நான் காசு வாங்காத நாள் ஒன்று உண்டு.

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. மெஷின் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தால் எடுக்கிற ஒவ்வொரு பிரதியிலும் ஒரு கறுப்புக் கோடு வரும். வாடிக்கையாளர் தாள் சரியில்லை என்று சண்டை போடுவார். தாளை மாற்றுவோம். அதே இடத்தில் அதே கோடு விழும். இதை நான் ஐயாவிடம் சும்மா புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பேராசிரியர் அம்மாவின் கல்லூரி வகுப்பில் பேசப் போனபோது சொல்லிவிட்டார். ஒரே தெருவிலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சிறைக்கு ஆள் போகிறது என்றால் ஆளை மாற்றி மாற்றித் திட்டுவதை விட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள் என்று. பேராசிரியர் அம்மா, அது தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வியாகவே வந்ததாமே. எனக்கு ஒரு மதிப்பெண்ணும் வரவில்லை.

ஏழைகள்தான் திருடுவார்கள் என்றும் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. பெரிய இடத்துத் திருட்டுக்குக் கம்பிச் சுருளைத் தூக்க வேண்டியதில்லை, அதனால் முதுகு வலிக்காது, கையோடு பிடிபடவும் மாட்டார்கள் என்பார். பிடிக்கிறவர்கள் எந்தத் தெருவில் நிற்கிறார்களோ அந்தத் தெருவில்தான் குற்றம் அதிகமாகத் தெரியும் என்பார். எங்கள் தெருமுனையில் எப்போதும் இரண்டு பேர் நிற்கிறார்கள். சரக்குக் கிடங்கு முதலாளியின் தெருமுனையில் ஒரு மரம்தான் நிற்கிறது.

பணியில் இருந்தவரை அவர் யாருக்கும் ஜாமீன் நிற்கக் கூடாது, விதி. ஏழு வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்றார். மறுவாரமே தன் வீட்டுப் பத்திரத்தைக் காப்பி எடுக்க வந்தார். எத்தனை பிரதி என்று கேட்டேன், இருபது என்றார். வீட்டை விற்கப் போகிறார் போலிருக்கிறது என்று நினைத்து டீச்சரம்மாவிடம் போட்டுக் கொடுத்தவள் நான்தான். டீச்சரம்மா கடைக்கே வந்துவிட்டார். "ஊர்ல இருக்கிற திருடன் எல்லாருக்கும் நம்ம வீட்டைக் காட்டப் போறீங்களா? அப்படியே சாவியையும் குடுத்துடுங்க" என்றார். ஐயா அசையவில்லை. சாவியெல்லாம் அவர்களுக்குத் தேவைப்படாது என்றார்.

ஒருவர் கையெழுத்தால் ஒருவன் விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கலாம், வேலையை விடாமல் இருக்கலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடலாம். கையெழுத்து இல்லையென்றால் தண்டனைக்கு முன்பே தண்டனை. உள்ளே போகும்போது ஒரு சுருள் திருடியவனாகப் போகிறவன், வேலையும் அறையும் இழந்து, வேறு பல வித்தைகளைக் கற்றுக்கொண்டு வெளியே வருகிறான். பிறகு அவனைப் பார்த்து, பார், திருந்தவே இல்லை என்கிறோம். ஏழு வருடத்தில் நாற்பத்தாறு பேருக்கு ஐயா கையெழுத்துப் போட்டார்.

இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். அதை மறைக்க மாட்டேன். முதலாமவன் ஓடியதும் நீதிமன்றம் ஐயாவை அழைத்துக் கூண்டில் நிறுத்தியது. டீச்சரம்மா வரச் சம்மதித்ததே அதைப் பார்க்கத்தான். "முப்பது வருஷம் மத்தவங்களைக் கேள்வி கேட்டீங்கல்ல, இன்னிக்கு உங்க முறை" என்று முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். அபராதம் கட்டினார்கள். அடுத்த வாரம் அவர் மறுபடி கடைக்கு வந்து பத்திரத்தை நீட்டியபோது நான் அதை வாங்காமல் டீச்சரம்மா முகத்தைப் பார்த்தேன். "என்னை ஏண்டி பாக்கிற? எடுத்துக் குடு. நாப்பது பேர்ல ஒருத்தன் ஓடினா என் வகுப்பைவிட இது நல்ல வகுப்பு" என்றார். நன்னடத்தை அலுவலர் ஐயாவின் பெருமையைப் பேசும் இந்த மேடையில் அந்த வீட்டின் இன்னொரு பாதியைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

இனி, இன்றைய விஷயம்.

போன மாதம் அவரை மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். நெஞ்சில் நீர் கோத்திருந்தது. பேச்சு மெதுவாக வந்தது. "நான் போயிட்டா என் கையெழுத்தும் செத்துடும்மா. அஞ்சு பேர் இருக்காங்க" என்றார். நான், "அப்ப போகாதீங்க சார்" என்றேன். சிரித்தார், சிரிப்பு இருமலாகி, செவிலியர் என்னை வெளியே அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அவர் சொன்னது சட்டம். ஜாமீன் நின்றவர் இறந்தால் ஜாமீனும் முடிந்தது. அந்த ஐந்து பேரும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வேறு ஆளைக் கூட்டி வர வேண்டும். இல்லையென்றால் உள்ளே போக வேண்டும். டீச்சரம்மா கையெழுத்துப் போடத் தயார். ஆனால் வீட்டுப் பத்திரம் அவர் பெயருக்கு மாற மூன்று மாதம் ஆகுமாம். வெள்ளிக்கிழமை அதற்குள் வந்துவிடும்.

ஐவரில் ஒருவன் என் தம்பி. இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு தண்ணீர் மோட்டார் காணாமல் போனது. பழைய பட்டியலில் பெயர் இருந்ததால் அவனை அழைத்துப் போனார்கள். அவன் அதை எடுக்கவில்லை. அக்கா என்பதால் சொல்லவில்லை. மோட்டாரைத் தூக்குகிற முதுகு அவனுக்கு இப்போது இல்லை. குழாய் வேலை செய்கிறான். மகள் இரண்டாம் வகுப்பு. அவன் மறுபடி உள்ளே போனால் அந்த வேலை போகும், அறை போகும், பிறகு யாராவது ஒரு அதிகாரி வந்து, வேலை இல்லை, முகவரி இல்லை என்று எழுதுவார். அவர் என் கடையில் காப்பி எடுக்க வருவார். எனக்கு இன்னொரு முறை அதைப் படிக்கத் தெம்பில்லை. பதினெட்டு வருடமாக இந்த நீதிமன்றத்தில் இருக்கிறேன். வாடகை இடம், சம்பளச் சீட்டு கிடையாது. என் சொந்தத் தம்பிக்கு நான் ஜாமீன் நிற்க முடியாது.

நீங்கள் நிற்கலாம். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? உங்கள் பத்திரங்களுக்கெல்லாம் காப்பி எடுத்தவள் நான். முதல் மூன்று வரிசையில் மட்டும் பதினொரு வீடு, இரண்டு மனை இருக்கின்றன. பெயர் சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் ரகசியம்.

ஐயாவை நல்லவர் என்று இங்கே எல்லோரும் சொன்னீர்கள். அவர் நல்லவர் என்பதற்கு இந்தக் கூட்டம் சாட்சி. நாற்பத்தாறு பேரில் நாற்பத்து நான்கு பேர் தவறாமல் நீதிமன்றத்துக்கு வந்தார்கள் என்பதற்கு அந்தக் கோப்புகள் சாட்சி. ஓடிய இரண்டு பேரையும் சொல்லிவிட்டேன். ஒருவர் ஐந்து பேரைத் தூக்கினார். இங்கே நூற்றுக்கு மேல் இருக்கிறோம். ஆளுக்கு ஒருவர் என்றால்கூட ஐந்து பேர் போதும், மீதிப் பேர் வீட்டுக்குப் போகலாம்.

நான் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை தோறும் மாணவர்கள் சிறைக்குப் போய் முந்தின நாள் தாளை எழுதுவதாகப் பேராசிரியர் அம்மா சொல்லியிருக்கிறார். அதற்குக் காப்பி எடுக்கும் வேலை என்னுடையது, என் கடை இருக்கும்வரை. முப்பது தாளில் ஒரே வரி வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நடப்பதும் என் வேலை. எனக்கு அறிக்கை எழுத வராது, நடக்க வரும், வாய் பேச நன்றாகவே வரும். முந்தினநாள் சார் விட்ட இடத்திலிருந்து நாங்கள் தொடர்வோம். இது அவர் படத்தின் முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

கடைசியாக ஒரு அறிவிப்பு. ஜாமீன்தாரர் படிவம் வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். எப்படிப் பூர்த்தி செய்வது என்று தெரியாதவர்களுக்காக, எதிரியின் பெயர், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் பெயர், என்ற இடத்தில் என் தம்பி பெயரை எழுதி ஒரு மாதிரிப் படிவம் தயாரித்திருந்தேன். காலையில் அவசரத்தில் மெஷினில் வைத்தது வெற்றுப் படிவத்தை அல்ல, அதை. நூற்றிருபது பிரதி எடுத்தாகிவிட்டது. மற்ற நால்வருக்கு நிற்பவர்கள் தயவுசெய்து அந்தப் பெயரை அடித்துவிட்டு மேலே எழுதுங்கள். அடிக்க மறந்தால் வெள்ளிக்கிழமை என் தம்பிக்கு மட்டும் நூற்றிருபது பேர் ஜாமீன் நிற்பார்கள். நீதிமன்றம் கேட்டிருப்பது ஒருவரைத்தான்.